பிறர் ஏட்டின் மேல் நம் எழுத்து

ஒருவர் எழுதிய ஏட்டின் மேல் மற்றொருவர் எழுதலாமா? எழுதலாமெனில், அவ்வெழுத்தைப் படிப்போர் எவ்வாறு எடுத்துக்கொள்கின்றனர் என்பதற்கும் எழுதியவர் பொறுப்பாவாரா? இவ்வினாக்கள் பழையவை. கிதாபுகளின் ஓரங்களில் ஹாஷியா எழுதப்பட்ட காலந்தொட்டு அறிஞர்கள் இவற்றை எண்ணிப் பார்த்தே வந்துள்ளனர். கைப்பேசியும் கணினியும் குறிப்பேடுகளாகிவிட்ட இந்நாளில், ஏட்டைப் படம் பிடித்து அப்படத்தின் மேல் தட்டச்சு செய்வது சிறு பிள்ளைக்கும் கைவந்த செயலாகிவிட்டது. ஆதலின் அப்பழைய வினாக்களை மீண்டும் கேட்டுப் பார்ப்பது கடமையாகிறது. நம்மால் நேர்ந்த ஒரு பிழையிலிருந்தே தொடங்குகிறோம்.

நம் பாட்டனார் சிறு வணிகர். அவருடைய கணக்கேடு அரபுத் தமிழில் எழுதப்பட்டது. அரபு எழுத்தில் தமிழை எழுதும் அவ்வழக்கத்தை அன்று நம் ஊர்களில் ஆண்களும் பெண்களும் அறிந்திருந்தனர். இன்று நம் குடும்பத்தில் அதைத் தடையின்றிப் படிப்பவர் நாம் ஒருவரே. சென்ற ஆண்டு நம் சகோதரியின் மகன் அவ்வேட்டைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, ஒரு குறிப்பேட்டு மென்பொருளில் ஏற்றி, டேப்லெட்டை நம் கையில் தந்தார்.

"மாமா, ஒவ்வொரு வரியின் மேலேயும் அதைத் தமிழில் தட்டச்சு செய்துவிடுங்கள். பிள்ளைகள் படித்துக்கொள்வார்கள்" என்றார்.

அப்பணி நமக்கு மிக உவப்பாயிருந்தது. படத்தின் மேல் விரும்பிய இடத்தில் விரலை வைத்தால் ஒரு சிறு பெட்டி தோன்றும்; அதில் எழுத்துகளை இடலாம்; பெட்டியை நகர்த்தலாம், பெரிதாக்கலாம், வேண்டாமெனில் அழிக்கலாம். ஏட்டுக்கு ஒரு கீறலும் நேராது. பாட்டனாரின் வரிகளுக்கு அருகே நம் வரிகளும் வளர்ந்து வந்தன.

ஒரு பக்கத்தில் ஒரு கடன் குறிப்பு இருந்தது. நம் ஊர்க்காரர் ஒருவரின் பெயர். அவரிடமிருந்து வரவேண்டிய ரூபாய். அதற்கு நேரே எண். பாட்டனார் தீர்ந்த கடன்களைக் குறுக்கே கோடிட்டு அடித்துவிடுவார். இந்த வரி அடிக்கப்படவில்லை. அரபு எண்களில் ஐந்து ஒரு சிறு வட்டம். பூஜ்யமோ ஒரு புள்ளி. வட்டத்தின் வலப்புறம் புள்ளி இருந்தால் 50, இல்லையேல் 5. படத்தில் அவ்விடத்தில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. அக்கடன் பெருந்தொகை என்று சிறு வயதில் வீட்டுப் பெரியவர்கள் பேசக் கேட்ட நினைவும் இருந்தது. நாம் தயங்காமல் "50 ரூபாய் வரவேண்டியது" என்று தட்டச்சு செய்தோம். அடியிலிருந்த மங்கிய எழுத்து நம் எழுத்தோடு கலந்து கண்ணைக் குழப்பியதால், பெட்டிக்கு வெள்ளைப் பின்னணியும் கொடுத்தோம். பாட்டனாரின் வட்டமும் அதனருகே இருந்த கறுப்பும் அந்த வெள்ளைக்குள் மறைந்தன.

மருமகன் அப்பக்கங்களைத் தனித்தனிப் படங்களாக்கிக் குடும்பத்தாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அவர்கள் தம் நண்பர்களுக்கு அனுப்பினர். ஒரு மாதம் சென்றிருக்கும். அஸர் தொழுகைக்குப் பின் ஒருவர் நம் வீட்டுக்கு வந்தார். கடன் வாங்கியவரின் பேரர். கையில் ஓர் உறை இருந்தது.

"ஹஜ்ரத், எங்கள் பாட்டனார் பேரில் 50 ரூபாய் பாக்கி நிற்கிறதாம். அந்தக் காலத்து 50 ரூபாய்க்கு இன்று எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் சொல்லும் தொகையைத் தந்துவிடுகிறேன். மௌத்தானவரின் கடன் கழுத்தில் தொங்கக்கூடாது" என்றார்.

"யார் சொன்னார்கள்?" என்று கேட்டோம்.

"யாரும் சொல்லவில்லை. உங்கள் பாட்டனார் கைப்பட எழுதியிருக்கிறார்களே, படத்தில் பார்த்தேன்" என்று தம் கைப்பேசியைத் திறந்து காட்டினார். அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் நம் பாட்டனாரின் எழுத்து ஒன்றுகூட இல்லை. இருந்தது நாம் தட்டச்சு செய்த வரி மட்டுமே.

உள்ளே சென்று கணக்கேட்டை எடுத்து வந்தோம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, படத்தில் கறுப்பாகத் தெரிந்தது மையன்று, துளை என்று தெரிந்தது. பூச்சி அரித்த அத்துளை அடுத்த இரண்டு தாள்களிலும் அதே இடத்தில் இருந்தது. அரிப்பதற்கு முன் அங்கே ஒரு புள்ளி இருந்ததா, இல்லையா? அதை இனி எவராலும் கூற இயலாது. கூற இயலாத ஒன்றை நாம் கூறியிருந்தோம். அதையும் பாட்டனாரின் வாயால் கூறியிருந்தோம்.

புள்ளி இட்டவர்கள்

ஒரு புள்ளி எத்துணைப் பெரிய பொறுப்பு என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். தொடக்க கால முஸ்ஹஃபுகளில் உயிர்க்குறிகள் இல்லை. அரபியரல்லாத மக்கள் இஸ்லாத்தில் இணைந்தபோது ஓதுதலில் பிழைகள் நேர்ந்தன. அதனைத் தடுக்க, ஹிஜ்ரி 69-இல் (கி.பி. 688) மறைந்த அபுல் அஸ்வத் அத்துஅலீ (ரஹ்) அவர்கள் உயிரொலிகளைக் காட்டப் புள்ளிகளிடும் முறையைத் தொடங்கினார்கள் என்பது மரபு. அப்புள்ளிகள் மூல எழுத்தின் மையால் இடப்படவில்லை. வேறு நிறத்தால் இடப்பட்டன. கறுப்பு எழுத்தும் சிவப்புப் புள்ளியுமாக அமைந்த பழந்தோல் ஏடுகளை இன்றும் அருங்காட்சியகங்களில் காணலாம்.

நிறம் வேறாக இருக்கவேண்டும் என்பது அழகுக்காக எழுந்த விதியன்று. ஹிஜ்ரி 444-இல் (கி.பி. 1053) மறைந்த அந்தலுஸ் நாட்டு அறிஞர் அபூ அம்ர் அத்தானீ (ரஹ்) அவர்கள், முஸ்ஹஃபுகளில் புள்ளியிடும் முறைபற்றித் தனி நூலே இயற்றினார்கள். உயிர்க்குறிகளுக்குச் சிவப்பும் ஹம்ஸாவுக்கு மஞ்சளும் மதீனத்தார் வழக்கு என அதில் குறிப்பிடும் அவர்கள், கறுப்பு மையால் புள்ளியிடுவதை ஏற்கவில்லை. மூல எழுத்தின் தோற்றத்தை அது மாற்றிவிடும் என்பதே காரணம். ஓதுபவருக்கு உதவி வேண்டும். எனினும் உதவி எது, மூலம் எது என்று அவர் கண்ணுக்கே தெரியவேண்டும். பிற்காலத்தில் வேறு வடிவக் குறிகள் நிலைபெற்று, எல்லாம் ஒரே மையில் எழுதப்படலாயின. மூல எழுத்தையும் குறியையும் வேறு பிரித்தறியும் கல்வி அதற்குள் பரவி நிலைத்துவிட்டது.

தமிழிலும் இதே நிலையைக் காண்கிறோம். மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியம் கூறுகிறது. ஆனால் ஓலையில் எழுதியோர் பெரும்பாலும் புள்ளியிடவில்லை. எகரமா ஏகாரமா, மெய்யா உயிர்மெய்யா என்பதைப் படிப்பவரே தீர்மானிக்கவேண்டியிருந்தது. 1887-இல் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், ஏடுகளில் மூலம் எது, உரை எது என்று பிரித்தறியத் தாம் பட்ட இடரைத் தம் வாழ்க்கை வரலாற்றில் பதிந்திருக்கிறார். உரையாசிரியர் ஏமாற்ற எண்ணியவர் அல்லர். ஏடெழுதியவரும் ஏமாற்ற எண்ணியவர் அல்லர். இரண்டையும் பிரித்துக் காட்டும் அடையாளம் இல்லாமற் போயிற்று, அவ்வளவே. அதற்காகப் பின்வந்த ஒருவர் ஆண்டுக்கணக்கில் உழைக்க நேர்ந்தது.

உண்மையாயினும் இடைச்செருகலே

ஹதீஸ் கலையில் 'முத்ரஜ்' என்றொரு வகை உண்டு. அறிவிப்பாளர் ஒருவர் விளக்கமாகத் தாம் கூறிய சொல், நாயகம் (ஸல்) அவர்களின் சொல்லோடு கலந்து, பின்வந்தோரால் அனைத்தும் நாயகச் சொல்லாகவே அறிவிக்கப்படுவது. ஹிஜ்ரி 463-இல் (கி.பி. 1071) மறைந்த கதீபுல் பக்தாதீ (ரஹ்) அவர்கள் இதற்கெனவே ஒரு நூல் எழுதினார்கள்.

மாணவர்களுக்கு நாம் காட்டும் எடுத்துக்காட்டு ஒன்று. உளூவை முழுமையாகச் செய்யுமாறு அபூஹுரைரா (ரலி) அவர்கள் மக்களுக்கு அறிவுறுத்தினார்கள். அதற்குச் சான்றாக, குதிகால்களை நன்கு கழுவாதோருக்கு நாயகம் (ஸல்) அவர்கள் விடுத்த எச்சரிக்கையை எடுத்துரைத்தார்கள். முன்னது தோழரின் அறிவுரை. பின்னது நாயகத்தின் எச்சரிக்கை. சில அறிவிப்பாளர்கள் இரண்டையும் சேர்த்து நாயகச் சொல்லாகவே அறிவித்துவிட்டனர். அறிஞர்கள் வேறு அறிவிப்புகளோடு ஒப்புநோக்கி இரண்டையும் பிரித்தெடுத்தனர்.

இங்கே நாம் நின்று சிந்திக்கவேண்டும். கலந்துவிட்ட அச்சொல் தவறான சொல்லா? இல்லை. உளூவை முழுமையாகச் செய்யவேண்டும் என்பதில் எவருக்கு மறுப்பு? சொன்னவர் நம்பத்தகாதவரா? அவரோ நபித்தோழர். அவ்வாறிருந்தும் அறிஞர்கள், "கருத்து சரிதானே, இருந்துவிட்டுப் போகட்டும்" என்று விட்டுவிடவில்லை. ஒரு சொல் உண்மையா என்பது ஒரு கேள்வி. அது யாருடைய சொல் என்பது வேறு கேள்வி. முதற் கேள்விக்கு நல்ல விடை கிடைத்ததனால் இரண்டாம் கேள்வி அவிந்துவிடுவதில்லை.

நம் பெட்டியில் நாம் தட்டச்சு செய்த 50 சரியான தொகையாகவே இருந்திருக்கலாம். அப்போதும் நாம் செய்தது பிழையே. நம் கருத்தைப் பாட்டனாரின் சாட்சியமாக ஆக்கியது அப்பிழை. கடனை எழுதுவோர் நேர்மையாக எழுதவேண்டும் என்று குர்ஆனின் மிக நீண்ட வசனமே கட்டளையிடுகிறது. எழுதப்பட்டதன் மேல் எழுதுவோருக்கு அக்கட்டளை தளர்ந்துவிடுமா?

தாள் காப்பாற்றப்பட்டது, பொருள்?

ஹிஜ்ரி 733-இல் (கி.பி. 1333) மறைந்த இப்னு ஜமாஆ (ரஹ்) அவர்கள் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் உரிய ஒழுக்கங்களைத் தொகுத்த நூலில், இரவல் வாங்கிய கிதாபைப்பற்றியும் பேசுகிறார்கள். உரியவரின் இசைவை அறியாமல் அதன் ஓரத்தில் குறிப்பெழுதுவதும், முன்னும் பின்னுமுள்ள வெற்றிடத்தில் எழுதுவதும் கூடாது என்பது அவர்கள் வகுத்த ஒழுங்கு. மதரஸாவின் வக்ஃப் கிதாபுகளில் பென்சிலால் பொருள் எழுதிவைத்து ஆசிரியரிடம் அடிவாங்கிய நம் போன்றோருக்கு இவ்வொழுங்கின் அருமை தெரியும்.

இன்றைய மென்பொருள் இவ்விடரை எளிதாகத் தீர்த்துவிட்டது. எடுத்துக்காட்டாக, 2003-இல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஒன்நோட்டில், கணினியில் ஒரு படத்தைப் பக்கத்தின் பின்னணியாக அமைத்துவிடலாம். அதன்பின் அது கைபட்டு நகராது. அதன் மேல் எங்கு வேண்டுமானாலும் தட்டச்சு செய்யலாம். எழுத்து தனியே, படம் தனியே நிற்கும். பி.டி.எஃப் கோப்பிலும் அவ்வாறே. மேலே இடப்படும் குறிப்பு பக்கத்தோடு கலவாமல் தனிப்பொருளாகச் சேமிக்கப்படுகிறது. எழுதியவர் பெயரையும் திருத்திய நாளையும் அதனுடன் பதிந்துவைக்க வழியுண்டு. தக்ரீர் கேட்கும் மாணவர், கிதாபின் பக்கத்தைப் படமெடுத்து, கடினமான சொல்லுக்கு அருகே தமிழ்ப் பொருளைத் தட்டச்சு செய்து, பாடம் பழகிய பின் அதனை நீக்கிவிடலாம். மத்னுக்குக் கேடில்லை, வக்ஃபுக்கும் கேடில்லை. இது பெரியதொரு வசதி. இதனை நாம் குறைகூறவில்லை.

ஆனால் இந்தப் பிரிவினை எதுவரை நிற்கும்? அக்கோப்பு அதே மென்பொருளில் திறக்கப்படும் வரை நிற்கும். அதனை ஒரே படமாக மாற்றியவுடனே, அல்லது திரையை அப்படியே படம்பிடித்தவுடனே, அடுக்குகள் போய்விடுகின்றன. ஏட்டின் மையும் நம் தட்டச்சும் நிறப்புள்ளிகளாய் ஒரே பரப்பில் படிந்துவிடுகின்றன. அதன்பின் பெட்டியை நகர்த்தி அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க எவராலும் முடியாது. எழுதியவர் பெயரும் நாளும் கூடவே வருவதில்லை. வாட்ஸ்அப்பில் கைமாறுவது இத்தகைய படமே.

"மூல ஏடுதான் பத்திரமாக இருக்கிறதே, ஐயமுள்ளவர் வந்து பார்த்துக்கொள்ளட்டுமே" என்று ஒருவர் கேட்கலாம். நாமும் அவ்வாறே நம்மைத் தேற்றிக்கொள்ள முயன்றோம். ஆனால் படம் சென்றடைந்த எத்தனை பேர் ஏட்டைத் தேடி வருவர்? உறையோடு வந்த அந்த நல்ல மனிதர் கூடப் பணம் தரத்தான் வந்தார். ஏட்டைச் சோதிக்க வரவில்லை. ஏட்டைக் காணாதவருக்குப் படமே ஏடு. தாளைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நிம்மதியே பொருளைக் காக்கவேண்டிய விழிப்பை நம்மிடமிருந்து எடுத்துச் சென்றுவிட்டது.

"கற்றவர் எழுதியதை நம்பக்கூடாதா?" என்றும் கேட்கலாம். நம்பலாம், கற்றவரின் சொல்லாக அதனை நம்பலாம். நாற்பதாண்டுக் காலம் அரபு எழுத்தோடு பழகிய கண் என்னும் செருக்கே அன்று நம்மைத் தயங்கவிடாமற் செய்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். அவ்விடத்தில் ஓர் இளைஞர் இருந்திருந்தால், "மாமா, இது என்னவென்று தெரியவில்லையே" என்று கேட்டிருப்பார். இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள், நெடுந்தொலைவிலிருந்து வினாக்களோடு வந்தவரிடம் அவற்றுள் பலவற்றுக்கு 'அறியேன்' என்றே விடையளித்தார்கள் என்பதை எத்தனையோ முறை வகுப்பில் சொல்லியிருக்கிறோம். ஒரு துளைக்கு முன்னால் அச்சொல் நமக்கு வரவில்லை. வெற்றிடத்தை வெற்றிடமாகவே விட மனம் ஒப்பவில்லை.

நாம் மேற்கொண்ட ஒழுங்கு

நம் மதரஸாக்களில் ஓதப்படும் தஃப்ஸீருல் ஜலாலைனை எண்ணிப் பாருங்கள். ஜலாலுத்தீன் மஹல்லீ (ரஹ்) அவர்கள் தொடங்கி, ஜலாலுத்தீன் சுயூத்தீ (ரஹ்) அவர்கள் நிறைவு செய்த அந்நூலில், இறைவசனமும் விளக்கமும் ஒரே ஓட்டமாகப் பின்னிச் செல்கின்றன. அத்துணை நெருக்கம். ஆயினும் வசனத்தை அடைப்புக்குறிக்குள் வைத்து அச்சிடுவது பதிப்பாளர் வழக்கம். கையால் எழுதிய காலத்தில் சிவப்பு மை அவ்வேலையைச் செய்தது. நெருங்கி நிற்பதில் குற்றமில்லை. எல்லை தெரியாமல் நிற்பதே குற்றம்.

அதனைக் கொண்டே நமக்கு நாமே சில ஒழுங்குகளை வகுத்துக்கொண்டோம். படத்தின் மேல் இடும் எழுத்து மூலத்தின் நிறத்தில் இருக்கலாகாது. விளக்கப்படும் சொல்லை அது மூடலாகாது. அருகே நிற்கவேண்டும், அல்லது ஓரத்தில் நிற்கவேண்டும். ஐயமுள்ள இடத்தில் ஐயத்தையே எழுதவேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் எழுதியவர் பெயரும் நாளும் படத்துக்குள்ளேயே தெரியவேண்டும். கோப்பில் பதிந்த பெயர் படத்தோடு பயணம் செய்யாது. மேலெழுத்து இல்லாத வெறும் படம் ஒன்றும் உடன் அனுப்பப்படவேண்டும். வீட்டில் பழைய கடிதங்களையும் பத்திரங்களையும் நிக்காஹ் பதிவுகளையும் படமெடுத்து வைத்திருக்கும் பிள்ளைகளுக்கும் இவை பயன்படும் என்று எண்ணுகிறோம். ஒரு சொத்தின் அளவோ, ஒரு பிறப்பின் நாளோ, ஒரு மஹரின் தொகையோ, மேலே தட்டச்சு செய்த ஒருவரின் ஊகத்தால் மாறிவிடலாகாது.

மருமகனோடு அமர்ந்து அப்பக்கத்தை மீண்டும் திறந்தோம். நல்வேளையாக மென்பொருளில் அடுக்குகள் பிரிந்தே இருந்தன. வெள்ளைப் பெட்டியை நீக்கினோம். ஓரத்தில் சிவப்பு எழுத்தில், "5 அல்லது 50, புள்ளி இருக்கக்கூடிய இடத்தில் பூச்சி அரித்த துளை" என்று எழுதி, நம் பெயரையும் நாளையும் இட்டோம். முதற்படம் யார் யாருக்குச் சென்றதோ அவர்களுக்கெல்லாம் இதனையும் அனுப்பக் கேட்டுக்கொண்டோம். ஆயினும் முதற்படம் எங்கெங்கோ சுற்றிக்கொண்டிருக்கும். அதனைத் திருப்பி அழைக்கும் வழி நம்மிடம் இல்லை. அது நம் ஏட்டில் அடிபடாமல் நிற்கும் பாக்கி.

உறையோடு வந்தவரிடம் அன்றே ஏட்டைக் காட்டி, அந்த வரி பாட்டனார் எழுதியதன்று, நாம் எழுதியது என்று சொன்னோம். அவர் துளையை நெடுநேரம் பார்த்தார். கோபப்படவில்லை.

"ஹஜ்ரத், 50 என்பதில்தானே சந்தேகம்? 5 என்பதில் சந்தேகமில்லையே" என்றார்.

உறுதியானது ஐயத்தால் நீங்காது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று. அதனை நாம் பாடமாக நடத்துகிறோம். அவர் வாழ்ந்து காட்டினார். தம் சட்டைப்பையிலிருந்து 5 ரூபாய் எடுத்துக் கொடுத்தார். அதற்கு மேல் உரிமை ஏதேனும் இருக்குமாயின் அதனை விட்டுக்கொடுப்பதாக வாரிசுகள் அனைவரிடமும் ஒப்புதல் பெற்று, பின்னர் அவருக்கு எழுதிக் கொடுத்தோம். நாணயத்தை வாங்கிய அன்று கணக்கேட்டின் அவ்வரியைக் கோடிட்டு அடிக்கலாமா என்று பேனாவை எடுத்தோம். பாட்டனாரின் ஏட்டில் கோடிடும் உரிமை பாட்டனாருக்கே உரியது. பேனாவை மூடி வைத்துவிட்டு, தனித்தாளில் ரசீது எழுதி, ஏட்டின் அந்தப் பக்கத்தில் செருகி வைத்தோம்.